எனக்கு வந்தது அம்மை இல்லை, சினிமா

பழைய தோட்டத்து வீடு,
சிரம்பான்.
புதன்கிழமை, பசியாறிய பிறகு.

மதிப்புக்குரிய சம்பந்தி ஹேமநாதன் அவர்களுக்கும் சம்பந்தியம்மா புஷ்பவள்ளி அவர்களுக்கும் மாயாண்டி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் செல்லமும் மகள் ஷாமினியும் சுகம். எனக்கு அம்மை இல்லை. அங்கே மம்பாவில் நீங்களும் மாப்பிள்ளை முகுந்தனும் சுகமாக இருக்கத் தோட்டத்து மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு அம்மை இல்லை என்பதை இன்னொரு தடவையும் எழுதிவிடுகிறேன். கடிதத்தை முழுக்கப் படிக்க உங்களுக்கு நேரமில்லாவிட்டாலும் இது ஒன்று தெரிந்தால் போதும்.

சம்பந்தி என்று எழுதலாமா, இன்னும் பரிசம் போடவில்லையே என்று பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போன வாரம் முழுக்க எங்கள் வீட்டில் யார் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. நேற்று நீங்கள் போன் செய்து செல்லத்திடம் சிரித்துப் பேசிய பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. போனிலேயே பேசிவிடுங்களேன் என்று ஷாமினி சொன்னாள். போனில் பேசினால் நீங்கள் நடுவில் சிரிப்பீர்கள், நானும் சிரிப்பேன், சொல்ல வந்தது பாதியில் நிற்கும். அதோடு எனக்கு இப்போது எழுதத் தெரியும். வேலையை விட்ட பிறகு செல்லம்தான் குசினி மேசையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் வருகிறது. ழ போடுகிற இடம் வந்தால் எனக்குத் திருவிழா மாதிரி இருக்கிறது. ஔ மட்டும் கற்றுக்கொண்ட நாளிலிருந்து வேலையில்லாமல் கிடக்கிறது. இந்தக் கடிதத்திலாவது அதற்கு ஒரு வேலை கிடைக்குமா என்று பார்க்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பெண் பார்க்க வந்தபோது, ஷாமினிக்குக் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னோம். அது பொய் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் அவள் செய்வது சினிமா வேலை. லீவு போட்டுவிட்டு வந்து, போட்டிக்கு ஒரு குறும்படம் எடுக்கப் போகிறேன், நீங்கள்தான் கதாநாயகன் என்றாள். என்ன மாதிரிப் படம் என்று கேட்டேன். "பாடி ஹாரர்" என்றாள். நான் லாரிக்குக் கட்டுவார்களே, அந்தப் பாடி என்று நினைத்தேன். செல்லம் வேறொன்றை நினைத்துக்கொண்டு, "அப்பா முன்னாடி பேசுற பேச்சாடி இது?" என்று எழுந்து போய்விட்டாள். பிறகு ஷாமினி விளக்கினாள். மனிதனுடைய உடம்பே மாறிப்போகிற பயங்கரப் படமாம். பேய் வேண்டாம், பிசாசு வேண்டாம், நம் உடம்பே நம்மைப் பயமுறுத்துமாம். அதை என் முழங்கால் தினமும் காலையில் செய்கிறது, இதற்கு எதற்குப் படம் என்று கேட்டேன். சிரித்தாள். மகள் சிரித்ததால் ஒப்புக்கொண்டேன்.

கதை இதுதான். ஒரு தோட்டத்துக் கிழவன். வேலை வாங்குகிற மண்டோர் திட்டினாலும் பேச மாட்டான், மனைவி கேட்டாலும் பேச மாட்டான். அவன் விழுங்கிய பேச்செல்லாம் ஒரு நாள் உடம்பில் கொப்புளமாகக் கிளம்புகிறது. ஒவ்வொரு கொப்புளமும் பழுத்து ஒரு வாயாகத் திறக்கிறது. அந்த வாய்கள் பேசப் பேச, முகத்தில் இருக்கிற சொந்த வாய் தோல் மூடிப் போகிறது. கடைசியில் கிழவன் செம்பனைக் காட்டுக்குள் போகிறான், படம் முடிகிறது. இதைத் தமிழில் தாளில் எழுதிக் கொடுத்தாள். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு ஓடிவிடுவார்கள் போலிருக்கிறது. எனக்கு அந்த வசதி இல்லை. எழுத்துக் கூட்டி ஒரு வரியை முடிப்பதற்குள் அது சரிதானா என்று யோசிக்க நேரம் கிடைத்துவிடுகிறது. 'கிழவன் தன் வயிற்றில் ஒரு வாயைப் பார்க்கிறான். சட்டையை மாட்டிக்கொண்டு பாயில் படுக்கிறான்' என்று ஓர் இடம். அந்த இடத்தை விட்டு நான் நகரவில்லை.

"ஏம்மா, இவன் ஏன் கிளினிக்குக்குப் போகல?"

"போனா கதை முடிஞ்சிடும்பா."

"அது உனக்கு. அவனுக்கு என்ன? எனக்கு வயித்துல காத்து அடைச்சாலே மோட்டர எடுத்துக்கிட்டு ஓடறேன். இவனுக்கு வயித்துல வாயே வந்திருக்கு."

"அப்பா, அது மெட்டஃபர்."

"மெட்டஃபருக்கு கிளினிக்ல மருந்து இல்லையா?"

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். செல்லத்துக்கும் அவள் பங்குக்கு ஒரு கோபம் இருந்தது. கிழவனின் மனைவி வேஷம் அவளுக்கு. புருஷன் முதுகில் ஒரு வாய் திறந்து கொட்டாவி விடுவதைப் பார்த்துவிட்டு, "டீ வேணுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போக வேண்டுமாம்.

"இந்த ஒரு வாய்க்கு ஆக்கிப் போட்டே என் உசுரு போகுது. இத்தன வாயப் பாத்துட்டு நான் ஏண்டி சும்மா இருக்கேன்? கத்த மாட்டேனா?"

"அவங்க பழகிட்டாங்க லா, ம்மா."

"யாரு பழகுனது? நீ வந்து ஆக்கிப் போடு, பழகு."

நான் விடவில்லை. தோட்டத்தில் ஒருத்தன் இருமினால் எதிர் வீட்டில் கஷாயம் கொதிக்கும், இவனுக்கு இவ்வளவு ஆகியும் ஏன் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை என்று கேட்டேன். எல்லாவற்றையும்விட, கடைசியில் ஏன் செம்பனைக்குள் போகிறான்? மனிதன் செம்பனைக்குள் போவது வேலைக்கு, அல்லது ஒதுங்குவதற்கு, அல்லது காணாமல் போன மாட்டைத் தேடி. இந்தக் கிழவனுக்கு வேலை இல்லை, வீட்டில் கக்கூஸ் இருக்கிறது, மாடும் இல்லை. ஒத்திகை பார்க்கும்போது ஒவ்வொரு தடவையும் செம்பனை ஓரம் வரைக்கும் போய் நின்றுவிட்டேன். கால் போகவில்லை. "சும்மா நடங்கப்பா" என்று கத்தினாள். "சும்மா நடக்கறவன் ரோட்டுல நடப்பாம்மா" என்றேன். அவள் கேமராவை இறக்கிவிட்டு, "ஏன் போறான்னு எனக்கும் தெரியலப்பா" என்றாள். அப்போது எனக்கே பாவமாகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் நீங்கள் வந்தீர்கள். அன்று காலையில் ஷாமினியின் தோழி அமால் தெமியாங்கிலிருந்து வந்து எனக்கு மேக்கப் போட்டாள். அவளுடைய அப்பா அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். தங்கமான பிள்ளை. முகம், கழுத்து, கை, மார்பு எங்கும் பசையால் கொப்புளம் வைத்தாள். சிலதின் நுனியில் மஞ்சள் தடவினாள். வயிற்றில் பல்லோடு ஒரு வாய் வைத்துச் சட்டையால் மூடினாள். கடைசியில் என் சொந்த வாயின் மேல் தோல் மாதிரி ஒன்றை ஒட்டி, "அங்கிள், அசையாதீங்க, பேசாதீங்க, காயணும்" என்று பாயில் படுக்கவைத்துவிட்டு, அவளும் ஷாமினியும் பின்பக்கம் சாப்பிடப் போனார்கள். செல்லம் குசினியில் இருந்தாள். கேமரா வாசலில் செம்பனையைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அதை நீங்கள் ஏன் பார்க்கவில்லை என்றால், வெயில் படாமல் இருக்க, அதன் கண்ணை மட்டும் விட்டுவிட்டு மேலே என் துண்டைப் போட்டிருந்தார்கள். இந்தக் கடிதத்திலும் ஓட்டை இருக்கக்கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

உங்கள் காடி வந்து நின்றது. பரிசத்துக்கு நாள் குறித்துக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து, முன்கூட்டிச் சொல்லாமல் வந்து எங்களைச் சந்தோஷப்படுத்த நினைத்தீர்கள். சம்பந்தியம்மா முதலில் உள்ளே வந்து என்னைப் பார்த்தார். "தாயே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அடித்துப் பிடித்து எழுந்து, "வாங்க சம்பந்தி" என்றேன். வெளியே வந்தது "ம்ம்ம்ம்" மட்டும். "வேணாம்ணே, ஒண்ணும் பேச வேணாம்" என்று சம்பந்தியம்மா கையைக் காட்டித் தடுத்தார். தட்டைக் கீழே வைக்கக் குனிந்த உங்களைக் கண்ணாலேயே ஒரு பார்வை பார்த்தார். நீங்கள் தட்டோடு அப்படியே நிமிர்ந்தீர்கள். இருவரும் பின்பக்கமாகவே நடந்து வாசலைத் தாண்டினீர்கள். போய் வருகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பியோடு வந்த செல்லம் பார்த்தது, தட்டு வெளியே போவதை மட்டும்.

"தட்டத் திருப்பி எடுத்துட்டுப் போறாங்களே! எழவு வீட்டுல இருந்து போற மாதிரி சொல்லிக்காமப் போறாங்களே! ஏங்க, போய்ச் சொல்லுங்க!"

நான் எதால் சொல்வேன்? வாய் ஒட்டியிருக்கிறது, மகளுடைய கல்யாணம் காடியில் ஏறிப் போகிறது. எங்கள் ரோடு செம்பனையைச் சுற்றிக்கொண்டு போகும், நடுவில் புகுந்தால் வளைவில் உங்களைப் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. முழங்காலைக் கேட்கவில்லை, புகுந்துவிட்டேன். மட்டை முள்ளில் சட்டை மாட்டிக் கிழிந்தது. வளைவில் வெளியே வந்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு "ம்ம்ம்ம்" என்று கத்தினேன். நீங்கள் முதலில் வேகத்தைக் குறைத்தீர்கள். பிறகு கூட்டினீர்கள். சம்பந்தியம்மா என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "அம்மா பல்லக் காட்டிச் சிரிக்கிறாங்க, நிக்காதீங்க, ஓட்டுங்க!" என்று சொன்னாராம். பிறகு மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு அதில் துளி வருத்தம் இல்லை. வயிற்றில் பல் உள்ள ஒருத்தன் செம்பனைக்குள்ளிருந்து ஓடி வந்தால் நானும் மம்பாவ் வரைக்கும் பிரேக்கை மிதிக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். அமால் தேங்காய் எண்ணெய் தடவி என் வாயைத் திறந்துவிட்டாள். திறந்த பிறகு பேச ஒன்றும் இல்லை. ஷாமினி கேமராவைப் பைக்குள் வைத்தாள், "என் படத்தாலதான் போச்சு" என்றாள். மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக் கேளேன் என்றால், "தட்டையே தூக்கிட்டுப் போனவங்ககிட்ட நான் என்ன கேக்கறது?" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜொகூரில் வேலையில் இருந்த மாப்பிள்ளையும் போன் போடவில்லை. அம்மா இருக்கிற வீட்டைத் தொந்தரவு செய்யாதே என்று நீங்கள் அவரிடம் சொல்லியிருந்ததும், போகிற வழியில் கோயிலில் சொல்லிவிட்டுப் போனதும் எங்களுக்கு எப்படித் தெரியும்? மறுநாள் காலையில் எங்கள் வாசலில் வேப்பிலை தொங்கியது. எதிர் வீட்டில் கருவாடு வறுப்பது நின்றுபோனது. கேட்டில் யாரோ இளநீர் வைத்துவிட்டுப் போனார்கள், ஒருத்தரும் உள்ளே வரவில்லை. வேப்பிலையைப் பார்த்தும் புரியவில்லையா என்று கேட்பீர்கள். மேக்கப்பைக் கழுவிய பிறகு எனக்கு உடம்பில் ஒரு மருகூடக் கிடையாது, நான் அம்மையை ஏன் நினைக்கிறேன்? கண்ணேறு கழிக்கக் கட்டியிருக்கிறார்கள் என்று செல்லம் சொன்னாள். நம் மகளுக்காகத் தோட்டமே கருவாடு வறுக்காமல் துக்கம் காக்கிறதே என்று நாங்கள் உருகிப்போனோம். கோயில் தலைவர் நல்லசாமி ரோட்டில் நின்றபடியே கேட்டார்.

"மாயாண்டி, இறங்கிடுச்சா?"

"எங்கண்ணே இறங்குது? செல்லத்துக்குத்தான் ரொம்ப அதிகமா இருக்கு. பாயை விட்டு எழுந்திரிக்கல."

"அவங்களுக்குமா!"

சாயங்காலம் வாசலில் இரண்டாவது கொத்து தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை மோட்டரில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். நேரில் வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிற கண்ணியமான பையன் என்றுதான் நினைத்தேன்.

"மாமா, தண்ணி ஊத்தியாச்சா?"

"சத்தியமா இல்ல மாப்ள. அதெல்லாம் விட்டு வருசக் கணக்காச்சு."

"ஊத்தாம எப்படி மாமா விடறது?"

"யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. வேணும்னா அத்தையக் கேளு. நான் தொடறதே இல்ல."

"ஐயோ மாமா, அம்மாவுக்குத் தண்ணி ஊத்தறதக் கேக்கறேன்!"

"உங்கம்மாவுக்கு நான் ஏன் மாப்ள ஊத்தணும்?"

அதற்குள் ஷாமினி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். அவர் வேப்பிலையைப் பார்த்தார், என் சுத்தமான முகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்போ அம்மை இல்லையா?" என்றார். "அப்போ வேணாம்னு சொல்லலையா?" என்றாள் அவள். பிறகு இரண்டு பேரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். செல்லம் பாயிலிருந்து எழுந்து வந்து, காரணத்தைக்கூடக் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்து ஒரு வாரத்துக் கருவாட்டையும் சேர்த்து வறுத்தாள். எனக்குத் தோளிலிருந்து ஒரு செம்பனைக் குலையை இறக்கிவைத்தது போல இருந்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடியும் உட்கார்ந்தேன். அம்மா இருக்கிற வீட்டுக்கு மரியாதை என்று உள்ளே நிற்காமல், சொல்லிக்கொள்ளாமல் போன உங்களையா நாங்கள் அப்படி நினைத்தோம்? அதற்கு என்னை மன்னிக்கவும். செல்லத்தை மன்னிப்பது உங்கள் விருப்பம், அவள் நினைத்தது மட்டுமல்ல, சத்தமாகவும் சொன்னாள்.

இன்னொன்றும் நடந்தது. அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த கேமராவை ஷாமினி அப்போதுதான் போட்டுப் பார்த்தாள். அதில் நான் இருக்கிறேன். வாசலைத் தாண்டி வந்து, கையை நீட்டிக்கொண்டு, மூடிய வாயோடு செம்பனைக்குள் புகுந்து போகிறேன். "ஏன் போறான்னு கேட்டீங்களே, பாருங்கப்பா" என்றாள். பார்த்தேன். அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, கேட்க வேண்டியவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், சொல்ல வாய் இல்லை. பிறகு ஏன் போகமாட்டான்? கதையில் அடைக்க முடியாத ஓட்டையெல்லாம் அன்றைக்கே அடைபட்டுவிட்டது சம்பந்தி. கிளினிக்குக்கு ஏன் போகவில்லை? வீட்டில் அம்மா வந்திருக்கிறாள் என்று நினைக்கிறார்கள், போகமாட்டார்கள். மனைவி ஏன் கத்தவில்லை? கத்துவாளா, ஒவ்வொரு வாய்க்கும் கும்பிட்டு இளநீர் ஊட்டுகிறாள். அந்தக் காட்சியில் செல்லம் நடித்ததைப் பார்த்து அமாலே அழுதாள். பக்கத்து வீட்டார் ஏன் வரவில்லை? வாசலில் வேப்பிலை. எங்கள் எல்லோருடைய யோசனையும் சேர்ந்து செய்ய முடியாததை, சம்பந்தியம்மா எங்கள் வாசலில் கன்னத்தில் போட்டுக்கொண்ட அந்த நிமிஷம் செய்துவிட்டது. படத்தின் கடைசியில் கதை உதவி என்று அவர் பெயர் வரும். நானே எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டேன், ள்ளி சரியாக இருக்கிறது.

நல்லசாமி அண்ணனுக்குத்தான் கோபம். "அம்மா வராத வூட்டுக்கு வேப்பிலை கட்டிட்டோமே, அவளுக்கு நான் என்னய்யா பதில் சொல்றது?" என்றார். அதற்காக நேற்று கோயிலில் கூழ் ஊற்றினோம். கூழ் குடித்து முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, படத்தில் தனக்கு ஏதாவது வேஷம் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு வாய் கொடுத்திருக்கிறோம். வயிற்றில் இருப்பது பேசினால் அது அவருடைய குரல்.

ஆகவே நீங்கள் குறித்த நாளிலேயே, வருகிற ஞாயிற்றுக்கிழமை, அதே தட்டோடு வர வேண்டும். என் முகம் கழுவியிருக்கும். வாய் திறந்திருக்கும். "வாங்க சம்பந்தி" என்பது முழுசாகக் கேட்கும். அப்புறம், முகுந்தனுடைய முதுகெல்லாம் கொப்புளமாக இருக்கிறது, எங்கள் பையனையும் படத்தில் போட்டுவிட்டீர்களா என்று நேற்று போனில் கேட்டுச் சிரித்தீர்களாம். ஞாயிற்றுக்கிழமை அவர் சாயங்காலம் வரைக்கும் இங்கேதான் படப்பிடிப்பில் இருந்தார். ஜொகூரிலிருந்து மோட்டரில் வந்த களைப்பு, உடம்பெல்லாம் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே எல்லாம் செய்தார். அதெல்லாம் அமாலின் கைவேலை, பயப்பட வேண்டாம். செல்லம் போனில் சொன்னபடி தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தால் வந்துவிடும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கவும்.

உங்கள் வீட்டு அடுப்பும் எங்கள் வீட்டு அடுப்பும் ஒரே சந்தோஷத்தில் எரியட்டும். பிள்ளைகள் இருவரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்த மாதிரி எந்நாளும் சிரிக்கட்டும். செல்லமும் ஷாமினியும் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். என் கை வலிக்கிறது, ஆனால் நிறுத்த மனசில்லை.

இப்படிக்கு,
அம்மை இல்லாத உங்கள் சம்பந்தி,
மாயாண்டி
(கைநாட்டு இல்லை, கையெழுத்து.)

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அமால் வந்தாள். மாப்பிள்ளைக்கு நீ வைத்த கொப்புளம் இன்னும் போகவில்லையாம் என்றேன். "நான் அவருக்கு ஒண்ணும் வைக்கலையே அங்கிள், அவரு லைட்டுதான் பிடிச்சாரு" என்கிறாள். சம்பந்தி, தயவு செய்து தேய்ப்பதை நிறுத்தவும். செல்லம் பக்கத்தில் நின்று உங்களுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறாள், நீங்கள் எடுக்கவில்லை, இரண்டு பேரும் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. எங்கள் கிழவன் போகாத கிளினிக்குக்கு மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவும், இது படம் இல்லை. டாக்டர் கொடுக்கிற ஔஷதத்தை மட்டும் கொடுக்கவும். (ஔவுக்கு வேலை கிடைத்துவிட்டது.) இந்த ஞாயிறு வேண்டாம், அவருக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு பரிசத்தை வைத்துக்கொள்வோம். ஷாமினிக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டதால் அவளே வேப்பிலையும் இளநீரும் இந்தக் கடிதமும் எடுத்துக்கொண்டு மோட்டரில் வருகிறாள். வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் திரும்பிவிடுவாள். அதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அவள் பையில் கேமராவும் இருக்கிறது. அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளலாம்.